யாருக்கென்று சொல்லாத கட்டில்

போன கிழமை ஜெயந்தனையும் றீற்றாவையும் ஒரு தளபாடக் கடை வாசலில் நிற்கவைத்துவிட்டு நாம் விலகிக்கொண்டோம். இன்னுமா நிற்கிறார்கள் என்று கேட்பீர்கள். கடைக்காரர் கதவை இழுக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள். கட்டில் வாங்கவில்லை. மெத்தை மட்டும் வாங்கினார்கள். அதுவும் கடையில் ஒரே ஒரு வகை மெத்தைதான் இருந்தபடியால்.

சண்டை பிடிக்கிற புருசன் பெண்சாதி என்றால் இரண்டில் ஒன்று முடிவாகிவிடும். இவர்கள் சண்டை பிடிப்பதில்லை. "உம்மட விருப்பம்" என்பான் அவன். "உங்கட விருப்பம்" என்பாள் அவள். இந்த இரண்டு வசனங்களையும் வைத்துக்கொண்டே இருபது வருடத்துக்கு மேல் திருகோணமலைப் பாலையூற்றில் குடும்பம் நடத்திவிட்டார்கள்.

எப்படி நடத்தினார்கள் என்றால், இடையில் ஒரு தொலைபேசி இருந்தது. முடிவு வராத இடத்திலெல்லாம், "அண்ணையிட்டக் கேப்பம்" என்று புல்மோட்டைக்கு ஒரு அழைப்பு எடுப்பார்கள். ஜெயந்தனின் அண்ணன் வின்சன்ட் அங்கே கனிய மணல் கூட்டுத்தாபனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டாத மனிதர். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

வீட்டுச் சுவருக்கு என்ன நிறம்? "வெளிர் பச்சை அடி." குளிர்சாதனப் பெட்டி ஒற்றைக் கதவோ, இரட்டைக் கதவோ? "ஒற்றை காணும், ரெட்டை என்னத்துக்கு?" மகளுக்கு என்ன பெயர்? "அஞ்சலினா." அந்தப் பக்கத்தில் மூச்சு விடுகிற நேரத்துக்குள் பதில் வந்துவிடும்.

இப்போது அந்த அண்ணன் திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில் காலில் புண் வந்து, இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். டொக்டர் ஜெயந்தனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றுதான். புண்ணில் மணலும் தண்ணீரும் படக்கூடாது. இன்னொரு தடவை பழுதானால் காலையே எடுக்க வேண்டிவரும்.

புல்மோட்டையில் வின்சன்ட் இருப்பது ஒரு இயந்திரத் திருத்தக் கடைக்குப் பின்னாலுள்ள வாடகை அறை. கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் மணல் முற்றத்தைக் கடந்துதான் போகவேண்டும். ஆகவே அவர் எங்கே வரவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மகள் மட்டக்களப்பில் படிக்கப் போய்விட்டாள், அவளுடைய அறை காலியாக இருக்கிறது. அவளுடைய கட்டில்தான் ஆறடி மனிதருக்குப் போதாது.

அதனால்தான் புதுக் கட்டில். கட்டிலைப் போட்டு, மெத்தையை விரித்து, எல்லாம் ஒழுங்காக்கிய பிறகு அண்ணனிடம் சொல்வதென்று இருவரும் தனித்தனியே நினைத்திருந்தார்கள். சேர்ந்து கதைக்கவில்லை. கதைத்திருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது.

வியாழக்கிழமை காலை. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் உள்ள இடத்தில் களஞ்சியம் பார்க்கிற ஜெயந்தன் அன்றைக்கு லீவு போட்டிருந்தான்.

"அத்தானுக்கு மத்தியானம் என்ன கொண்டு போறது? சோறோ, குரக்கன் புட்டோ?" குசினியிலிருந்து றீற்றா கேட்டாள்.

"உம்மட விருப்பம்."

"சாப்பிடுறது உங்கட அண்ணை. நீங்கள்தான் சொல்லவேணும்."

"சமைக்கிறது நீர். எது லேசோ அதைச் செய்யும்."

றீற்றா இரண்டையும் செய்தாள். இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளில் கட்டினாள். சுண்டங்காய்க் குழம்பு வைப்பதா வேண்டாமா என்று கேட்க வாயெடுத்தவள், நேரமாகிறதென்று விட்டுவிட்டாள்.

"கட்டிலை யன்னல் பக்கம் போடுறதோ, சுவர்ப் பக்கமோ?" ஜெயந்தன் அறை வாசலில் நின்றபடி கேட்டான்.

"உங்களுக்கு எப்பிடித் தோணுதோ."

"நீர் சொன்னால் எனக்குச் சரி."

"முதல்ல கட்டில் வரட்டும்."

அவளுக்கு மனதுக்குள் ஒரு யோசனை இருந்தது. அவர் இவருடைய அண்ணன். வீட்டுக்கு வா என்று இவர்தான் கூப்பிடவேண்டும். நான் முந்திக்கொண்டு கூப்பிட்டால், ஏதோ நான் உத்தரவு கொடுத்துத்தான் அவர் வருகிறார் என்றாகிவிடும். அத்தானுக்கு அது குறைச்சல்.

ஜெயந்தனுக்கும் ஒரு யோசனை. புண்ணுக்கு மருந்து கட்டப்போகிறவள் றீற்றா. வேளைக்கு வேளை சமைக்கப்போகிறவளும் அவள். நானாகக் கூப்பிட்டால் அவளுடைய தலையில் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். அவளாக ஒரு வார்த்தை சொல்லட்டும்.

இரண்டும் நல்ல மனங்கள்தான். நல்ல மனங்கள் இப்படி மௌனமாக உட்கார்ந்திருந்து செய்கிற கெடுதல் கொஞ்சமல்ல.

ஸுஹைர் தன் ஓட்டோவைக் கொண்டுவந்து ஒழுங்கை முகப்பில் நிறுத்தினான். முதலில் கடை, பிறகு ஆஸ்பத்திரி என்று ஏற்பாடு. கடையில் தர்சன் என்கிற விற்பனையாளன் இவர்களைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனான். தேக்கா இரும்பா என்பது முடிவாகியிருந்தது. அந்த முடிவு எப்படி வந்ததென்று பிறகு சொல்கிறேன். இப்போதைய பிரச்சினை, தேக்கில் இரண்டு இருந்தன. ஒன்றின் தலைமாட்டில் பூ வேலைப்பாடு. மற்றது வெறும் பலகை.

"இது வடிவு," என்றாள் றீற்றா பூவைத் தடவி.

"அப்ப இதையே எடுப்பம்."

"இல்லை, சும்மா சொன்னனான். உங்களுக்கு மற்றதுதான் பிடிச்சிருக்குப் போல."

"எனக்கு எது எண்டாலும் சரி."

"அக்கா, நேற்றும் இதைத்தான் கதைச்சனீங்கள்," என்றான் தர்சன் மெதுவாக.

வெளியே ஸுஹைர் இரண்டு தடவை ஹோர்ன் அடித்தான். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. பூவிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து பூவுக்கும் அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஜெயந்தன் சொன்னான்:

"சாப்பாடு ஆறப்போகுது. ஆஸ்பத்திரிக்குப் போட்டு வந்து எடுப்பம்."

அந்தக் கடையில் அவர்கள் செலவழித்த நேரத்தைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்து நினைத்து வருந்தப்போகிறார்கள்.

வார்டில் வின்சன்டின் கட்டில் விரிப்பு மாற்றிக் காலியாக இருந்தது.

கழுவறைக்குப் போயிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் வெருகல் பக்கத்திலிருந்து வந்த சின்னப்போடி என்கிற வயதாளி இருந்தார். இவர்களைக் கண்டதும் அவர் தன் அலுமாரிக்குள்ளிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினார். நேற்று றீற்றா கொண்டுவந்த பெட்டி. கழுவித் துடைத்து, மேலே துவாயை மடித்து வைத்திருந்தது.

"உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர்," என்றார். "காலையிலேயே துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அவர் போயிட்டார்."

"எங்க போனவர்?"

"புல்மோட்டைக்கு எண்டார். கொஞ்சம் பொறுத்துப் போங்க, தம்பியாக்கள் வருவாங்க எண்டு நானும் சொன்னன்." அவர் தயங்கினார். "உங்கட வீட்டில ஆரோ வந்து தங்கப்போறாங்களாமே?"

"ஆர் சொன்னது?" என்றாள் றீற்றா.

"அவர்தான். 'அறையை ஒதுக்கிப்போட்டுதுகள், கட்டிலும் வாங்குதுகள். இந்த நேரத்தில என்னைக் கண்டால், வா எண்டு கேக்கவும் ஏலாமல், கேக்காமல் விடவும் ஏலாமல் அதுகள் அந்தரப்படுங்கள். அதுக்கு முன்னம் நான் போயிடுறது நல்லம்' எண்டார்."

ஜெயந்தன் பெட்டியை வாங்கிக்கொண்டான். வாசலுக்கு விரைந்தான்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்போது சொல்லவேண்டும். தேக்கா இரும்பா என்று இரண்டு நாள் முட்டி மோதிய பிறகு, பழக்கதோசத்தில் அவர்கள் வார்டில் வைத்து அண்ணனிடமே கேட்டார்கள். ஆம், எந்த மனிதருக்காகக் கட்டில் வாங்குகிறார்களோ, அதே மனிதரிடம்.

"அண்ணை, அஞ்சலினாவின்ர அறையை ஒதுக்கிப்போட்டம், அதுக்கொரு கட்டில் வாங்கவேணும். தேக்கு நல்லதோ, இரும்பு நல்லதோ?" என்று ஜெயந்தன் கேட்டான்.

"ஆருக்கு?" என்றார் வின்சன்ட்.

ஜெயந்தன் றீற்றாவைப் பார்த்தான். றீற்றா ஜெயந்தனைப் பார்த்தாள். இதுதான் சொல்கிற நேரமோ, மற்றவர் சொல்வாரோ என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வீட்டுக்கு வாறவைக்குத்தான்," என்று ஜெயந்தன் சிரித்து மழுப்பினான்.

வின்சன்ட் கொஞ்சநேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். "இரும்பு மலிவு. ஆனால் கடல்காத்துக்குக் கறள் பிடிக்கும். வீட்டுக்கு வாறவையை நல்லதில படுக்கவைக்கவேணும். தேக்கே வாங்கு."

ஜெயந்தன் அன்றைக்குச் சந்தோசமாக வீட்டுக்குப் போனான். அண்ணன் முடிவு சொல்லிவிட்டார் அல்லவா.

"பஸ் ஸ்ராண்டுக்கு விடும் தம்பி, கெதியா," என்றான் ஜெயந்தன், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஸுஹைரிடம்.

ஓட்டோவுக்குள் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தன்தான் தொடங்கினான்.

"நீர் ஒரு சொல்லுச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நானோ? அவர் உங்கட அண்ணை."

"பாக்கப்போறது நீர். உமக்குப் பாரமாயிருக்குமோ எண்டு..."

றீற்றா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு அத்தான் பாரமோ? அஞ்சலினா பிறந்த நேரம் நீங்கள் கொழும்பில நிண்டனீங்கள். புல்மோட்டையிலிருந்து லொறியில ஏறி வந்து ஆஸ்பத்திரி வாசலில நிண்டவர் அவர். அவரை நான் வேண்டாம் எண்டு சொல்லுவன் எண்டு நினைச்சீங்களோ?"

"அப்பிடி நினைக்கேல்லை."

"பின்ன ஏன் என்னட்ட ஒருக்காக் கேக்கேல்லை?"

"நீர் ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

இருவருக்கும் ஒரே விருப்பம்தான் இருந்திருக்கிறது. உங்கட விருப்பம், உம்மட விருப்பம் என்று இத்தனை வருடமும் சொன்னவர்கள், மற்றவருடைய விருப்பம் என்னவென்று ஒரு நாளும் கேட்டறியவில்லை. அந்த நினைப்பு இருவரையும் சுட்டது.

பஸ் நிலையத்துக்குத் திரும்புகிற இடத்தில் நகரத்துக்குள் திரிகிற மான்களில் ஒரு தாயும் குட்டியும் நடுத்தெருவில் நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. ஸுஹைர் நிறுத்திவிட்டு மெதுவாக ஹோர்ன் அடித்தான். குட்டி போய்விட்டது. தாய் மான் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நின்றது. ஜெயந்தன் இறங்கி ஓடினான். றீற்றா பெட்டிகளோடு பின்னால் ஓடினாள்.

புல்மோட்டை பஸ் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு நின்றது. முன் கதவுக்குப் பின்னாலுள்ள இருக்கையில், யன்னலோரமாக வின்சன்ட் இருந்தார். காலைத் தன் பையின் மேல் தூக்கி வைத்திருந்தார். கட்டுக்கு மேல் பொலித்தீன் பை சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தது. மணலுக்கு அவர் செய்துகொண்ட பாதுகாப்பு அவ்வளவுதான்.

"ஏன் தம்பி, இந்த வெயிலுக்குள்ள ஓடி வாறாய்?"

"அண்ணை, இறங்குங்கோ."

"ஏன்? நான் வடிவா ஏறி இருந்திட்டன். இனி இறங்குறது கரைச்சல்."

"அந்தக் கட்டில் உங்களுக்குத்தான் அண்ணை."

யன்னல் கம்பியைப் பிடித்திருந்த வின்சன்டின் விரல்கள் இறுகின.

"எனக்கோ? எனக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"சொல்லேல்லை. அதுதான் நாங்கள் விட்ட பிழை."

"கட்டில் வாங்கியாச்சோ?"

"இன்னும்... இல்லை அண்ணை."

அவர் லேசாகச் சிரித்தார். தம்பியை அவருக்குத் தெரியாதா. பிறகு குனிந்து, யன்னலுக்குக் கிட்டவாக முகத்தைக் கொண்டுவந்து கேட்டார்.

"சரி. வீட்டுக்கு வா எண்டு இப்ப என்னைக் கூப்பிடுறது ஆர்? நீயோ, றீற்றாவோ?"

பகிடியாகக் கேட்டது போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு மனிதர் நாள்கணக்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து இந்த அழைப்புக்காகக் காத்திருந்திருக்கிறார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. நான்தான் அண்ணை என்றால் போதும். நாங்கள்தான் அத்தான் என்றால் போதும்.

ஜெயந்தன் றீற்றாவைத் திரும்பிப் பார்த்தான். றீற்றா ஏற்கனவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கணம்தான். வின்சன்ட் இரண்டு முகங்களையும் கண்டுவிட்டார்.

"அந்தரப்படாதேங்கோ," என்றார். குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஜெயந்தன் தாங்கியிருப்பான். "ரெண்டு பேரும் ஆறுதலாக் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ. நான் எங்க போகப்போறன், அங்கதானே இருப்பன்."

நடத்துநர் பக்கத் தகரத்தில் தட்டினார். பஸ் பின்னால் உருண்டு திரும்பத் தொடங்கியது.

அப்போதுதான் றீற்றா ஓடினாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டிகள், மறு கையால் கம்பியைப் பிடித்து மிதிபலகையில் ஏறினாள்.

"நான் அத்தானோட போறன்," என்றாள்.

"றீற்றா, நில்லும், நானும்..."

"நீங்கள் வீட்டு வேலையைப் பாருங்கோ. அந்த மணலுக்குள்ள அவரைத் தனிய விட என்னால ஏலாது."

போகட்டுமா என்று கேட்கவில்லை. உங்கட விருப்பம் என்று சொல்லவில்லை. பஸ் போய்விட்டது. ஜெயந்தன் வெறுங்கையோடு நின்றான். வாழ்நாளில் தன்மேல் இவ்வளவு வெறுப்பு அவனுக்கு வந்ததில்லை. இரண்டு சொல். அதைச் சொல்லவும் பெண்சாதியின் முகத்தைப் பார்த்திருக்கிறான்.

"எங்க அண்ணன் போற?" என்றான் ஸுஹைர்.

ஜெயந்தன் கன்னத்தைத் துடைத்தான். "கடைக்கு."

கடையில் தர்சன் ஜெயந்தனுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "அக்கா வரேல்லையோ? அக்காவைக் கேட்டிட்டீங்களோ?"

"இல்லை. அந்த வெறும் பலகைக் கட்டிலை ஏத்தும்."

அண்ணன் தலைமாட்டில் சாய்ந்திருந்துதான் வானொலி கேட்பார். பூ வேலைப்பாடு முதுகில் குத்தும். இது அவனுக்குத் தெரியாமல் இருக்கவில்லை. முதல்நாளே தெரியும். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

கடைப் பெடியன்கள் லொறியில் கொண்டுவந்து இறக்கிக் கட்டிலைப் பொருத்திப் பூட்டினார்கள். எங்கே போடுவதென்று கேட்டபோது, "யன்னல் பக்கம்," என்றான். அவர்கள் போன பிறகு மெத்தையை விரித்தான். தொலைபேசி அடித்தது.

"குச்சவெளி தாண்டியாச்சு," என்றாள் றீற்றா. பஸ் இரைச்சலுக்குள் அவளுடைய குரல் உடைந்து உடைந்து வந்தது. "அத்தான் புட்டுச் சாப்பிட்டவர். ஆனால் கதைக்கிறார் இல்லை. திரும்பி வாறன் எண்டும் சொல்லேல்லை, வரமாட்டன் எண்டும் சொல்லேல்லை."

"கட்டில் எடுத்திட்டன்."

"எது?"

"வெறும் பலகை. யன்னல் பக்கம் போட்டிட்டன். உம்மட்டக் கேக்கேல்லை."

உங்கட விருப்பம் என்று வரப்போகிறதென்று ஜெயந்தன் காத்திருந்தான்.

"யன்னல் பக்கம் வேண்டாம்," என்றாள் றீற்றா. "விடியக்காலமைக் குளிர்காத்து அவருக்கு ஆகாது. சுவர்ப் பக்கம் இழுத்துப் போடுங்கோ."

"சரி."

"இருங்கோ, அத்தானிட்டக் குடுக்கிறன். இனி நீங்களே சொல்லுங்கோ."

தொலைபேசி கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு.

"அண்ணை, நான்தான் கூப்பிடுறன். வாங்கோ." என்றான் ஜெயந்தன். "முதலே கூப்பிட்டிருக்கவேணும். இப்பதான் கூப்பிடுறன். நான்தான்."

பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது கேட்டது.

"என்ன கட்டில் எடுத்தனீ?" என்றார் வின்சன்ட்.

"தேக்கு அண்ணை. நீங்கள் சொன்னதுதான்."

"அது வீட்டுக்கு வாறவைக்கெண்டு சொன்னது." அவர் நிறுத்தினார். "எனக்கெண்டு தெரிஞ்சிருந்தால் இரும்பே காணும் எண்டிருப்பன், தம்பி."

தொடர்பு அறுந்துவிட்டது. ஜெயந்தன் திரும்ப எடுத்தான். கிடைக்கவில்லை. இன்னொரு தடவை எடுத்தான். கிடைக்கவில்லை.

அவன் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து, கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் இழுத்தான். நல்ல தேக்கு. ஒரு ஆளால் அதை அசைக்க முடியவில்லை.